தம்பியின் கையெழுத்தும் இயக்குநரின் எடையும்

எங்கள் அலுவலகத்தில் ஒரு வருடம் முழுக்க ஊக்கம் இருந்தது. பிறகு அதை நிறுத்திவிட்டார்கள்.

ஊக்கம் இருந்த காலத்தில் சுவரெங்கும் சூரியன் உதித்துக்கொண்டிருந்தது. மாடிப்படியில் ஒன்று, கோப்பு அறையில் ஒன்று, கழிப்பறைக் கதவில் ஒன்று. ஒவ்வொரு சூரியனுக்குக் கீழேயும் ‘உன்னால் முடியும்’ என்று எழுதியிருக்கும். கழிப்பறைக் கதவில் அது கொஞ்சம் பொருத்தமாகவே இருந்தது. திங்கட்கிழமை காலையில் பத்து நிமிடம் எல்லோரும் எழுந்து நின்று பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் கைதட்ட வேண்டும். என் பக்கத்தில் ஓட்டுநர். நானும் அவரும் ஐம்பத்திரண்டு திங்கட்கிழமைகள் ஒருவர் முகத்தைப் பார்த்து ஒருவர் தட்டினோம். அதனால் அவர் வண்டி ஓட்டுவதிலோ நான் தராசு பார்ப்பதிலோ ஒரு மாற்றமும் வரவில்லை.

ஆம், என் வேலை தராசு பார்ப்பது. எடையளவு அலுவலகத்தில் பரிசோதகர். முத்திரையிட்ட எடைக்கற்களைப் பெட்டியில் எடுத்துக்கொண்டு கடை கடையாகப் போவேன். கல்லைத் தராசில் வைப்பேன். முள் சரியான இடத்தில் நின்றால் சான்று. நிற்காவிட்டால் கம்பி சுற்றி ஈய முத்திரை அடித்து நோட்டீஸ். இருபத்திரண்டு வருடமாக இதைத்தான் செய்கிறேன். தராசுக்கு ஊக்கம் கிடையாது என்பதால் எனக்கு அதன்மேல் ஒரு மரியாதை உண்டு.

இயக்குநர் ஏதோ ஒரு பயிற்சிக்கு மூன்று நாள் போய்விட்டுத் திரும்பினார். அன்றே சூரியன்களைக் கழற்றச் சொன்னார். அதே இடங்களில் கண் படம் ஒட்டப்பட்டது. பெரிய, இமைக்காத, ஒற்றைக் கண். மாடிப்படியில் ஒன்று, கோப்பு அறையில் ஒன்று. கழிப்பறைக் கதவில் ஒட்டியதை மட்டும் யாரோ அன்று மத்தியானமே கிழித்துவிட்டார்கள்.

எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்துப் பேசினார்.

"நண்பர்களே, ஊக்கம்ங்கறது ஒரு ஏமாத்து வேலை. அது இன்னிக்கு இருக்கும், நாளைக்கு இருக்காது. எனக்கே இந்த வேலையில ஊக்கம் போய் ஒன்பது வருஷம் ஆச்சு. ஆனா வர்றேன் இல்ல? ஏன் வர்றேன்? வரலேன்னா மேல இருந்து கேப்பாங்க. அவ்வளவுதான் ரகசியம். கேக்கறதுக்கு ஆள் இருந்தா மனுஷன் எதையும் செய்வான். கேக்க ஆள் இல்லேன்னா நான் உட்பட யாரும் எதையும் செய்ய மாட்டோம்."

எல்லோரும் பழக்கதோஷத்தில் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் கைதட்டினோம்.

திட்டத்துக்குப் பெயர் பொறுப்புறுதி. ஒவ்வொருவரும் சொந்த வாழ்க்கையில் ஒரு குறிக்கோளை எழுதித் தர வேண்டும். அலுவலக வேலை கூடாது, சொந்த வாழ்க்கைதான். ஒவ்வொரு குறிக்கோளுக்கும் ஒரு சாட்சி. சாட்சி வாரா வாரம் கேட்பார். செய்ததற்குச் சான்று காட்ட வேண்டும். காட்டியவர் பெயர் பலகையில் பச்சை. காட்டாதவர் பெயர் சிவப்பு. பன்னிரண்டு வாரம் முடிந்ததும் தலைமை ஆணையர் வந்து விழா. அதற்கான படிவத்தை நான்கு நகல்களில் நிரப்ப வேண்டும்.

சாமர்த்தியசாலிகள் உடனே புரிந்துகொண்டார்கள். ‘தினமும் பல் துலக்குவேன்’ என்று ஒருவர் எழுதினார். ‘கணவரோடு ஒரே வீட்டில் வசிப்பேன்’ என்று தட்டச்சு அம்மாள் எழுதினார். ஓட்டுநர், கெட்ட வார்த்தை பேசுவதை விடுவதாக எழுதி வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். அவர் வாரம் முழுக்கப் பேசிய கெட்ட வார்த்தைகளைச் சாட்சி பட்டியலிட்டு, தட்டச்சு அம்மாள் அதை நான்கு நகல் அடித்து, இயக்குநர் ஒவ்வொரு பக்கத்திலும் மேலொப்பம் இட்டார். எங்கள் கோப்பு அறையில் இன்றைக்கும் அந்தக் கோப்புதான் அதிகமாகப் படிக்கப்படுவது.

நான் ஒரு மடையன். உண்மையை எழுதினேன்.

‘என் தம்பியோடு மறுபடி பேச வேண்டும்.’

தம்பிக்கு இரும்புச் சாமான் கடை. ஆணி, கம்பி, கொக்கி, தாழ்ப்பாள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் என் சுற்றில் அவன் கடையும் வந்தது. கல்லை வைத்தேன். கிலோவுக்கு அறுபது கிராம் குறைந்தது. தராசின் வில் தேய்ந்துவிட்டது, வேண்டுமென்று செய்ததில்லை, பார்த்தாலே தெரிந்தது. ஆனாலும் முத்திரை அடித்து நோட்டீஸ் கொடுத்தேன். கடை பதினைந்து நாள் மூடியிருந்தது. "அண்ணா, முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டான். சட்டத்தில் அப்படி இல்லை என்றேன். அவன் என்னிடம் பேசிய கடைசி வார்த்தை அந்தக் கேள்விதான். நான் அவனிடம் பேசிய கடைசி வார்த்தை அந்தப் பதில்தான். நினைத்தால் இன்றும் காது சுடுகிறது.

அதற்குப் பிறகு ஒன்பது வருடம் நான் மனசு வரட்டும் என்று காத்திருந்தேன்.

"மனசு வரும், வரும்னு நிக்கறீங்களே, அது என்ன பஸ்ஸா?" என்றாள் மனைவி, நான் எழுதித் தந்ததைக் கேட்டதும். "நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. தினமும் சாப்பிட உக்காரும்போது ஒரே ஒரு கேள்வி கேப்பேன். போனீங்களா, இல்லையா. அவ்வளவுதான்."

கேட்டாள். முதல் நாள் இல்லை என்றேன். இரண்டாம் நாள் இல்லை என்றேன். அவள் முகத்தில் கோபமும் இல்லை, அறிவுரையும் இல்லை. ரசத்தை ஊற்றிவிட்டு நகர்ந்துவிடுவாள். ஏழாம் நாள் அந்த ‘இல்லை’யைச் சொல்ல வாய் வரவில்லை. எட்டாம் நாள் தம்பி கடைக்குப் போய்க் கால் கிலோ ஆணி கேட்டேன்.

நிறுத்துக் கொடுத்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. தராசின் முள்ளை என் பக்கம் நன்றாகத் திருப்பிக் காட்டிவிட்டுக் கட்டினான். எனக்கு அது வலித்தது, வலிக்க வேண்டும் என்றுதான் செய்தான். அடுத்த வாரம் மறுபடி கால் கிலோ. மூன்றாம் வாரம், "இவ்வளவு ஆணிய வெச்சிட்டு என்ன பண்றே" என்றான். யாரோ மூன்றாம் மனிதரைக் கேட்பதுபோல் கூரையைப் பார்த்துக் கேட்டான். ஆனால் கேட்டான். நான்காம் வாரம் முக்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினான். உட்கார்ந்தேன். அன்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் அதைச் சொன்னபோது எனக்குக் குரல் தழுதழுத்தது. அவள் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாள்.

பொறுப்புறுதியைப் பற்றிக் கேட்டால் நான் சொல்வேன், அது வேலை செய்யும். வீட்டில் ஒருத்தி கேட்டால் வேலை செய்யும்.

அலுவலகத்தில் எனக்குச் சாட்சியாகப் போடப்பட்டவர் கண்காணிப்பாளர். அவரைக் கோந்து என்று கூப்பிடுவோம். ஒரு கோப்பில் ஒட்டினால் கிழித்தால்தான் வருவார். என் படிவத்தைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

"தம்பியோட பேசணும்னு எழுதியிருக்கீங்க. அளவு எங்க?"

"பேசறதுக்கு என்ன சார் அளவு?"

"எடையளவு ஆபீஸ்ல இருந்துகிட்டு இப்படிக் கேக்கறீங்களே. அளவு இல்லாத பொருள எப்படிப் பதியறது?"

அவரே பதிந்தார். வாரம் ஒரு முறை, முப்பது நிமிடம். இரு தரப்பும் தலா பதினைந்து நிமிடம் பேசுதல். தரம்: சுமுகம். சான்று: எதிர்த்தரப்பினரின் கையெழுத்து. என் தம்பி அந்த நிமிடத்திலிருந்து எதிர்த்தரப்பினர் ஆனான்.

நான்கு வாரம் ஆகியும் கையெழுத்து வரவில்லை. முக்காலி கொடுத்தான் என்றேன். முக்காலி சான்று ஆகாது என்றார். ஐந்தாம் வாரம் எனக்குத் தெரியாமல் தம்பி கடைக்கு ஒரு அரசாங்கக் கடிதம் போனது. பழுப்பு உறை, எங்கள் அலுவலக முத்திரை. ஒன்பது வருடத்துக்கு முன்னால் போன உறையும் அதே பழுப்புதான். கூடவே ஒரு படிவம்.

‘மேற்படி அலுவலர் தங்களிடம் காட்டிய அன்பு: குறைவு / போதுமான அளவு / உபரி. பொருந்தாததை அடித்துவிடவும்.’

தம்பி பதில் அனுப்பவில்லை. பதில் வராத கடிதம் என்றால் கோந்துக்கு உயிர் போகிற விஷயம். ஆறாம் வாரம் நான் முக்காலியில் உட்கார்ந்திருக்கும்போது அவரே கடைக்குள் வந்தார். ஒரு நாற்காலியை இழுத்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் போட்டுக்கொண்டார். கைக்கடிகாரத்தைக் கழற்றித் தொடைமேல் வைத்தார்.

"நான் இருக்கறத மறந்துட்டுச் சகஜமா பேசுங்க. அண்ணன் ஆரம்பிக்கலாம். பதினஞ்சு நிமிஷம்."

தம்பி கையில் இருந்த கொக்கியைக் கீழே வைத்தான்.

"இது என்னது?" என்று என்னைக் கேட்டான். ஒன்பது வருடத்தில் முதல் முறையாக என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டான்.

நான் வாயைத் திறப்பதற்குள் கோந்து சொன்னார். "உங்க அண்ணன் உங்களோட பேசினா அவருக்குப் பச்சை. இல்லேன்னா சிவப்பு. கொஞ்சம் ஒத்துழைச்சீங்கன்னா..."

"ஓ," என்றான் தம்பி. "ஆபீஸ்ல மார்க் போடறாங்களா. அதுக்குத்தான் ஆணி வாங்கினியா?"

"இல்லடா. சத்தியமா இல்ல."

"நான்கூட நீ மனசு மாறித்தான் வந்தேன்னு நினைச்சேன்." கோந்தின் பக்கம் திரும்பினான். "குடுங்க சார் அந்தப் பேப்பர."

படிவத்தில் மூன்றையும் அடித்தான். கீழே எழுதினான். கையெழுத்துப் போட்டான். பிறகு என் முக்காலியைப் பார்த்தான். எழுந்துகொண்டேன். அதை எடுத்துக் கடைக்கு உள்ளே கொண்டுபோய்விட்டான்.

வெளியே வந்ததும் கோந்து கடிகாரத்தைக் கட்டிக்கொண்டே சொன்னார். "அவர் நாலு வாக்கியம் பேசினார், நீங்க ஒண்ணுதான் பேசினீங்க. சமமா இல்ல. எப்படியும் சிவப்புதான்."

சாப்பிடும்போது மனைவி அன்று கேள்வி கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

அதற்குப் பிறகு ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது என்று வாரா வாரம் சிவப்பு. இருபத்தேழு பேரில் நான் ஒருவன்தான் சிவப்பு. ஓட்டுநர்கூடப் பச்சை, அவர் இப்போது கெட்ட வார்த்தைகளை முனகுகிறார், சாட்சிக்குக் காது கேட்பதில்லை.

பலகையின் உச்சியில் இயக்குநரின் பெயர். அவர் குறிக்கோள் பன்னிரண்டு வாரத்தில் பன்னிரண்டு கிலோ குறைப்பது. தொடங்கும்போது தொண்ணூற்றாறு. திங்கட்கிழமைதோறும் வீட்டில் தராசில் ஏறிப் பார்த்து எடையைச் சொல்வார். கோந்து அதை அலுவலக முத்திரையோடு பலகையில் ஒட்டுவார். தொண்ணூற்றைந்து, தொண்ணூற்று நான்கு, தொண்ணூற்று மூன்று. வாரத்துக்கு ஒரு கிலோ, கிராம் பிசகாமல். அதே சமயம் அவர் பெல்ட்டில் புதிதாக ஒரு துளை போடப்பட்டது. இறுக்குவதற்கு உட்பக்கம் அல்ல, தளர்த்துவதற்கு வெளிப்பக்கம். எல்லோரும் பார்த்தோம். தராசு பார்க்கிற அலுவலகத்தில் கண் இல்லாமலா இருக்கும். ஆனால் யார் பூனைக்கு மணி கட்டுவது?

பத்தாம் வாரம் கூடத்தில் கூட்டம். இயக்குநர் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். கையில் என் கோப்பு.

"இவரைப் பாருங்க. இருபத்திரண்டு வருஷ அனுபவம். கேட்டது என்ன? சொந்தத் தம்பிகிட்டப் பேசணும். நான் பத்து கிலோ குறைச்சிருக்கேன். சதைய அறுத்துப் போடற வேலை அது. இவரால ஒரு தம்பியச் சம்பாதிக்க முடியல. எதிர்த்தரப்பு என்ன எழுதியிருக்காருன்னு படிக்கறேன், எல்லாரும் கத்துக்கலாம்."

படித்தார்.

‘இவர் என் அண்ணன் இல்லை. அதிகாரி. அதிகாரியாகவே வந்தார். தராசு சரியாக இருக்கிறது, பார்த்துக்கொள்ளவும்.’

நான் அதை அதுவரை படித்ததில்லை. இருபத்தாறு பேருக்கு முன்னால் முதல் முறையாகக் கேட்டேன். யாரோ ஒருவர் சிரித்தார், பல் துலக்குபவர் என்று நினைக்கிறேன். எனக்கு அழுகை வரவில்லை. வந்தது வேறு. பழி வாங்க வேண்டும் என்றிருந்தது. அதற்கு வேறு அழகான பெயர் நான் தேடவில்லை, இன்றும் தேடப்போவதில்லை.

வாய்ப்பை அவரே தந்தார். கிணற்றுத் தவளைக்குக் கிணற்றின் விதிகளாவது தெரிந்திருக்கும். இவர் எழுதிய விதிகள் இவருக்கே தெரியவில்லை.

"தோத்தவர் ஜெயிச்சவருக்குச் சாட்சியா இருந்து கத்துக்கணும். விதி பதினாலு. அதனால அடுத்த ரெண்டு வாரம் இவர்தான் எனக்குச் சாட்சி. ஒழுக்கம்னா என்னன்னு கிட்ட இருந்து பாக்கட்டும்."

பார்த்தேன். பதினோராம் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அவர் வீட்டு அழைப்பு மணியை அடித்தேன். கையில் எடைக்கல் பெட்டி.

"இது எதுக்கு?" என்றார் இயக்குநர். வீட்டு உடையில் அவர் இன்னும் அகலமாக இருந்தார்.

"பழக்கம் சார். எங்க போனாலும் எடுத்துட்டுப் போவேன்."

தராசு படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே இருந்தது. ஆள் ஏறி நிற்கும் வட்டமுகத் தராசு. முகத்தில் பூஜ்யம் இருக்கும் பக்கத்தை மறைத்துக் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரி ஒன்று ஒட்டியிருந்தது. தராசுக்கு எங்கே அடிபட்டது என்று நான் கேட்கவில்லை. அவர் ஏறினார். முள் எண்பத்தைந்தில் நின்றது.

"எழுதிக்கோ. பதினோரு கிலோ."

"எழுதறேன் சார். ஒரு நிமிஷம் இறங்குங்க."

இருபது கிலோ கல்லைத் தூக்கி வைத்தேன். முள் ஆறில் நின்றது.

இயக்குநர் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். நான் பிளாஸ்திரியை உரித்தேன். வெறும் தராசின் முள் பூஜ்யத்துக்குப் பதினான்கு கோடு கீழே படுத்துக்கிடந்தது. எடையளவு அலுவலகத்தின் இயக்குநர் வாரா வாரம் குனிந்து, அடியில் இருக்கும் திருகைத் தன் கட்டைவிரலால் திருகியிருக்கிறார். பலகையில் குறைந்தது பதினொன்று, தராசில் திருகியது பதினான்கு. மிச்சம் மூன்று எங்கே போனது என்று எனக்குப் புரிய அரை நிமிடம் ஆனது. அவர் மூன்று கிலோ ஏறியிருந்தார். அதையும் சேர்த்துத் திருக வேண்டியிருந்திருக்கிறது.

"இது என் சொந்தத் தராசு," என்றார். "வியாபாரத் தராசு இல்ல. உனக்கு இங்க அதிகாரம் கிடையாது."

"பொதுமக்கள் பார்வைக்கு வைக்கிற எந்த எடையும் பரிசோதிச்ச தராசுல எடுத்ததா இருக்கணும் சார். போன வருஷம் உடற்பயிற்சிக் கூடத்தப் பிடிக்கறதுக்கு நீங்க போட்ட சுற்றறிக்கை. உங்க எடை பத்து வாரமா முத்திரையோட பலகையில இருக்கு."

கம்பியைச் சுற்றினேன். ஈயத்தை வைத்து இடுக்கியால் அழுத்தினேன். அந்தச் சத்தம் இருபத்திரண்டு வருடத்தில் எனக்கு இவ்வளவு இனித்ததில்லை. நோட்டீஸ் எழுதிச் சாட்சிக் கையெழுத்துக்கு வீட்டில் யாராவது வேண்டும் என்றேன். அவர் மனைவி வந்தார். தராசைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார்.

"இது பொய்யா காட்டுதா?"

"பதினாலு கிலோ குறைச்சுக் காட்டுதும்மா."

"நானும் இதுலதான ஏறினேன். எனக்கும் பதினாலு குறைஞ்சிடுச்சுன்னு இவர்கிட்டச் சொன்னேன். ஆமா, நீ இளைச்சிட்டேன்னு சொன்னார். அந்தச் சந்தோஷத்துல ரெண்டு மாசமா ரெண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டிருக்கேன்." பேனாவைப் பிடுங்காத குறையாக வாங்கினார். "எங்க போடணும்?"

வாசல்வரை இயக்குநர் என் பின்னாலேயே வந்தார். குரல் தணிந்திருந்தது.

"இங்க பாரு. வர்ற வாரம் புதன்கிழமை விழா. தலைமை ஆணையர் வர்றார். உனக்கும் எனக்கும் என்ன விரோதம்? உன் பேரைப் பச்சை ஆக்கிடறேன்."

"தம்பி பேசலையே சார்."

"அவர் பேசினா என்ன, பேசாட்டி என்ன. பேசிட்டார்னு நானே சான்று குடுக்கறேன். நிறைவான அன்புன்னே எழுதிடலாம். உபரின்னு வேணும்னாலும் போட்டுக்கலாம்."

பத்து வாரம் என்னை அரித்ததை எல்லாம் அந்த மனிதர் ஒரே மூச்சில் சொல்லிமுடித்துவிட்டார். தம்பி பேசினாலும் பேசாவிட்டாலும் அவர்களுக்கு ஒன்றுதான். அந்த ஒரு கையெழுத்துக்காகவா என் முக்காலியைப் பறித்தார்கள்? நோட்டீஸின் ஒரு நகலைச் சட்டப்படி அவர் வீட்டு வாசல் கேட்டில், தெருவைப் பார்த்து ஒட்டினேன். நான்கு மூலையும் அழுத்தித் தேய்த்தேன்.

விழாவன்று கூடத்தில் நூறு நாற்காலி. மேடையில் தலைமை ஆணையர், வயதான அம்மையார், கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கி எல்லாவற்றையும் அதற்கு மேலாகவே பார்ப்பவர். இயக்குநர் நாற்பது நிமிடம் பேசினார். நோட்டீஸ் கொடுத்தவன் மேடையில் ஏறமாட்டான் என்று அவர் நம்பியிருக்க வேண்டும். அவர் வாழ்க்கையில் எல்லோருமே கடைசி நிமிடத்தில் வாயை மூடிக்கொண்டவர்கள்தான்.

"சாட்சி இல்லாத சாதனை சாதனையே இல்ல," என்று முடித்தார். "என் பன்னிரண்டு கிலோவுக்கும் சாட்சி உண்டு."

அந்தச் சாட்சி மேடை ஏறினேன். ஓட்டுநரும் நானும் முன்கூட்டியே மூட்டை நிறுக்கும் நடைமேடைத் தராசை உருட்டிக்கொண்டுவந்து மேடைக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தோம். அலங்காரத்துக்கு என்று நினைத்து யாரோ அதன்மேல் பூத்தொட்டி வைத்திருந்தார்கள். அதை இறக்கினேன்.

"அம்மா, இயக்குநர் வீட்டுத் தராசுக்குப் போன வாரம் திங்கட்கிழமை முத்திரை வைக்கப்பட்டிருக்கு. அதனால கடைசி வார எடைய இதுல எடுக்கணும்."

ஆணையர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"முத்திரை வெச்சது யாரு?"

"நான்தாம்மா."

"இந்தத் தராசு சரியா இருக்கா?"

"நேத்து பரிசோதிச்சேன். நாலு எடைக்கல்லு வெச்சுப் பாத்தேன். ஒரு பிசகும் இல்ல."

"ஏறுங்க," என்றார் இயக்குநரிடம். குரலில் ஒன்றுமே இல்லை.

இயக்குநர் முதலில் சிரித்தார். பிறகு செருப்பைக் கழற்றினார். பிறகு கோட்டைக் கழற்றினார். பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து வைத்தார், கைக்கடிகாரத்தை எடுத்து வைத்தார், கொஞ்சம் யோசித்துக் கைக்குட்டையையும் எடுத்து வைத்தார். ஏறினார். நான் தண்டில் குண்டை நகர்த்தினேன். மெதுவாக நகர்த்தினேன், ஒவ்வொரு கோடாக. அவசரம் எனக்கில்லை. எண்பத்து நான்கில் தண்டு அசையவில்லை. தொண்ணூறில் அசையவில்லை. தொண்ணூற்றாறில் அசையவில்லை. ஒன்பது வருடம் சுமந்ததும் பத்து வாரம் சுமந்ததும் அந்தத் தண்டில்தான் தொங்குகின்றன என்று தோன்றியது.

"தொண்ணூத்தொம்பது கிலோ, நானூறு கிராம்," என்று படித்தேன். பின்வரிசைக்குக் கேட்கவில்லையோ என்று இன்னொரு முறை படித்தேன்.

இயக்குநர் தராசின்மேல் நின்றபடியே கூட்டத்தைப் பார்த்தார். அவரிடம் எதற்கும் ஒரு பேச்சு உண்டு.

"நண்பர்களே, எடைங்கறது ஒரு மனநிலை."

எடையளவு அலுவலகத்தின் இயக்குநர், நூறு பேருக்கு முன்னால், தராசின்மேல் நின்று சொன்னது இது. வாரா வாரம் தன் கெட்ட வார்த்தைகளுக்குப் பச்சை வாங்கிய ஓட்டுநர் அடக்கிவைத்திருந்ததில் ஒன்றை முழுக் குரலில் சொன்னார். யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

இயக்குநரைப் பழுதான எடைக்கற்கள் கிடக்கும் கிடங்குக்கு மாற்றினார்கள். அங்கே அவருக்குக் கீழே ஆள் கிடையாது, கல்தான். மனசார மகிழ்ந்தேன். ஆனால் அலுவலகம் திருந்திவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். புதிதாக வந்த இயக்குநர் கண் படங்களைக் கழற்றிவிட்டுக் காது படம் ஒட்டினார். பழைய திட்டத்தின் கோப்புகளை முடித்துவைத்தால்தான் புதிய திட்டம் தொடங்க முடியுமாம். முடியாமல் இருந்தது என் கோப்பு ஒன்றுதான்.

நோட்டீஸ் கேட்டில் ஒட்டி மூன்று வாரம் கழித்து, நான் தம்பி கடைக்குப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. ஆணியும் கேட்கவில்லை. வாசலிலேயே நின்றேன்.

"உங்க இயக்குநர் வீட்டுக் கேட்டுல நோட்டீஸ் ஒட்டினியாமே," என்றான் உள்ளே இருந்தபடி. "தெருவே போய்ப் பாத்துட்டு வருது. நானும் போய்ப் பாத்தேன்."

"ஆமா."

"அவர்கிட்டயாவது முன்னாடி ஒரு வார்த்தை சொன்னியா?"

"இல்ல. அவர்கிட்டச் சொல்ல எனக்கு இஷ்டம் இல்ல. அவர்மேல ஆத்திரம். வேணும்னே செஞ்சேன். உன்கிட்டச் சொல்லியிருக்கணும். உன்மேல எனக்கு ஒரு ஆத்திரமும் இல்லையே. அப்பவும் சொல்லல. சட்டத்த எடுத்து முகத்துல அடிச்சேன். அது தப்புடா."

அவன் ரொம்ப நேரம் ஒரு தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். பிறகு உள்ளே போனான். வரும்போது கையில் முக்காலி இருந்தது. இந்த முறை காலால் தள்ளவில்லை.

பேசினோம். வில் தேய்ந்த கதை, பதினைந்து நாள் மூடிக்கிடந்த கதை, அவன் மகள் பிறந்ததை நான் அடுத்தவர் வாயால் கேட்ட கதை. அவன் அழுதான், நானும் அழுதேன், நடுவில் ஒருவர் கதவுக் கீல் வாங்க வந்தார், பேச்சை நிறுத்திவிட்டு விற்றோம், மறுபடி தொடர்ந்தோம். நிமிடம் யாரும் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் நானும் அவனும் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது கோந்து வந்தார். கையில் நான்கு நகல்கள்.

"உங்க கோப்பு ஒண்ணுதான் பாக்கி. நல்லவேளை, ரெண்டு பேரும் சேந்தே இருக்கீங்க. வெளியவரைக்கும் சிரிப்புச் சத்தம் கேட்டுது. குறிக்கோள் நிறைவேறிச்சுன்னு போட்டுடவா? போட்டா இருபத்தேழுக்கு இருபத்தேழு. புது இயக்குநருக்கு விருது உறுதி."

பேனாவை வாங்கினேன். ‘நிறைவேறியதா?’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதினேன். நான்கு நகலிலும் எழுதினேன்.

கோந்து தம்பியைப் பார்த்தார். "என்னங்க இது, பேசறீங்களே ரெண்டு பேரும்."

தம்பி டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல், மிகுந்த மரியாதையோடு அவரிடம் சொன்னான்.

"நாங்க பேசறதே இல்ல சார். எழுதிக்கோங்க. எங்க கையெழுத்துப் போடணும்?"